கிணற்றடியைப் பாராத கமரா

யாழ்ப்பாணத் தீவான வேலணையின் தென்கரையில் கடற்படை எழுப்பியிருந்த இரும்புக் கோபுரம் நூற்று முப்பது அடி உயரம். அதன் உச்சித் தட்டில், இடுப்புப் பட்டியைக் கம்பியில் கொளுவிக்கொண்டு நின்ற கோசலாவுக்குக் கால் கூசவில்லை. கொழும்பிலிருந்து லொறியில் வந்த பெட்டியைக் கப்பி போட்டு ஏற்றி, உள்ளே இருந்த கருவியைத் தன் கையாலேயே பீடத்தில் இருத்தி, கடைசி ஆணியையும் முறுக்கி முடித்திருந்தாள். பங்குனி வெயில் முதுகைச் சுட்டது. அவள் இறங்க அவசரப்படவில்லை. மூன்று வருட வேலை இன்றைக்குத்தான் ஓர் இடத்தில் போய் அமர்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று தோன்றியது.

கருவிக்கு இரண்டு கண்கள். ஒன்று நாம் காணும் வெளிச்சத்தைக் காணும் கமரா. தூரத்தில் உள்ளதைக் கிட்டக் கொண்டுவந்து காட்டும். மற்றது அகச்சிவப்புக் கமரா. அதற்கு வெளிச்சம் தேவையில்லை, வெப்பம் இருந்தால் போதும். அதன் வில்லை கண்ணாடியில் செய்தது அல்ல. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஈயத் தகடுபோல மூடிக் கிடக்கும். வெப்பக் கதிர் மட்டும் அதனூடாகப் புகுந்துபோகும்.

கண்களை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கினார்கள். ஆனால் குளிர்தேசத்துக் கடலுக்காகச் செய்த அந்தக் கண் இந்தக் கடலுக்கு வந்ததும் தடுமாறியது. அங்கே கடல் குளிர்ந்து கிடக்கும், மனிதன் சுடராகத் தெரிவான். இங்கே கடலும் முப்பது பாகை, வள்ளமும் முப்பது பாகை, வள்ளத்தில் இருப்பவனின் தோல் அதற்கு மேல் ஒரு மூன்று பாகை. எல்லாம் ஒரே சாம்பல் கஞ்சியாகத் திரையில் கலங்கும். அந்தக் கஞ்சிக்குள் இருந்து மனிதனைப் பிரித்தெடுக்கும் நிரலை எழுதியவள் கோசலா. கொழும்புக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில், ஏழு பொறியியலாளர்களுக்குள் ஒரே பெண்ணாக இருந்து எழுதினாள். அதை எழுதும்போது அவள் மனதில் இருந்தது இந்தக் கடல்தான். போரில் குடும்பம் இடம்பெயர்ந்திருந்தபோது யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும், பதினொரு வயதில் தாயோடு வேலணைக்குத் திரும்பி, இங்கேயே படித்து, இங்கிருந்தே பல்கலைக்கழகம் போனவள் அவள்.

தகப்பன் இறந்த பிறகு தாய் சறோஜினிதேவி தனியாகத்தான் இருந்தாள். சின்ன வெங்காயம் போடுவாள், மீதி நேரம் மாதர் சங்கத்தில் பனம்பண்டங்களான பனாட்டு, ஒடியல் செய்யும் வேலை. கோபுரத்திலிருந்து வீடு முக்கால் மைல். அன்று பின்னேரம் கோசலா கிறீஸ் படிந்த கையோடு வீட்டுக்குப் போனபோது தாய் குசினியில் இரண்டு பிளாஸ்டிக் கலன்களில் தண்ணீரை நிறைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இஞ்சை நிக்கிறியள்? இந்த நேரம் கிணத்தடியில எல்லே நிப்பியள்."

"அங்கை இப்ப ஒருத்தரும் குளிக்கிறேல்லை. தண்ணியை அள்ளிக்கொண்டு வாறம்."

"ஏன்?"

சறோஜினிதேவி கலனின் மூடியைத் திருகினாள். "கோபுரம் எழும்பினதில இருந்துதான். உச்சியில கமரா வைக்கப் போகினமாம் எண்டு கதை. அதுக்கு முன்னால ஆர் நெஞ்சில குறுக்குக்கட்டோட நிக்கிறது? நீதான் அதை வைக்க வந்திருக்கிறாய் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கோசலாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கிணறு அவர்கள் பக்கத்துக்கு எவ்வளவு பெரிது என்பது அவளுக்குத் தெரியும். மற்றக் கிணறுகள் கோடையில் உவர்த்துவிடும். கடற்கரை மணலில் தோண்டிய இந்த ஒன்றில் மட்டும் தண்ணீர் நல்லதாகக் கிடக்கும். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் பனையோலை வேலி. முப்பது வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்து குளிப்பார்கள், துவைப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

"வாங்கோ அம்மா," என்றாள். "நான் வந்து சொல்லுறன்."

கிணற்றடியில் ஐந்தாறு பெண்கள் கலன்களோடு நின்றார்கள். மாதர் சங்கத் தலைவி பரிமளம் துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, எதையும் நேரே கேட்கும் மனுசி. கோசலா தான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பிள்ளை, உது எங்களையும் பாக்குமோ?"

"இல்லை மாமி. கடலைப் பாக்கத்தான் செய்தது. எங்கட வலையை அறுக்கிற இழுவைப் படகுகள், கடலில மாட்டுப்பட்டுப்போன வள்ளங்கள், அதுகளைத்தான். ஊருக்குள்ள பாக்கிற வேலை அதுக்கில்லை."

"இது அவையள் சொல்லுறதோ, நீர் சொல்லுறதோ?"

"நான் சொல்லுறன். நான் செய்த சாமான்."

பரிமளம் அவளை ஒரு கணம் அளந்து பார்த்தாள். "சரி. அவையள் சொன்னா நம்பியிருக்க மாட்டம். உம்மட சொல்லில நாளைக்குக் குளிக்கிறம்."

திரும்பி வரும்போது சறோஜினிதேவி ஒழுங்கையில் எதிர்ப்பட்ட இரண்டு பேரிடம் வலிய நின்று, "மகள் வந்து நிக்கிறாள். உந்தக் கமரா அவள் செய்ததுதான்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சோதனை தொடங்கியது. கோபுரத்தின் அடியில் ஒரு சிறிய கட்டடம். உள்ளே இரண்டு திரைகள், ஒரு மேசை, நாலு கதிரைகள். நிலையத்துக்குப் பொறுப்பான லெப்டினன்ட் ஹேவகே பின்னால் நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும்; அளவோடு பேசுபவர். கருவியை இயக்கப் பழகியிருந்த பண்டார என்ற மூத்த மாலுமி கைப்பிடியைப் பிடித்திருந்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

கடலில் பனிமூட்டம்போல வெள்ளைப் புகார் மூடியிருந்தது. சாதாரணக் கமராவின் திரையில் வெறும் பால்வெளி. கோசலா மற்றத் திரையைக் காட்டினாள். அதே திசை, அதே கணம். நாலு மைலுக்கு அப்பால் ஒரு வள்ளம், அதன் பின்புறத்தில் வெண்சூடாக இயந்திரம், மூன்று ஆட்கள். ஒருவன் குனிந்து எதையோ ஊற்றினான். சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி அவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குப் போனது.

"அது என்ன?" என்றார் ஹேவகே.

"தேநீர்," என்றாள் கோசலா.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஹேவகே திரைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். போன வருடம் இதேபோன்ற ஒரு நாளில் வேறொரு கருவியைச் சோதித்தபோது ஒரு மைலுக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை என்றார். "இதை எங்கே செய்தீர்கள்?"

"பாதியை வாங்கினோம். பார்க்கத் தெரிந்த பாதியை இங்கே செய்தோம்," என்றாள். அந்தப் பதிலை அவள் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள், சொன்ன பிறகு நெஞ்சு நிமிர்ந்தது.

பட்டியலில் நாற்பத்திரண்டு சோதனைகள். முப்பத்தோராவது, பீடம் முழு வட்டமும் தடையின்றிச் சுழல்கிறதா என்பது. சுழலும் பீடம் வேறு பிரிவாரின் வேலை. தன் பகுதிக்கு வந்த வரைபடங்களில் கடலை மட்டுமே கண்டிருந்த கோசலா, அது முழு வட்டம் சுழலும் என்று அன்றுவரை எண்ணியிருக்கவில்லை. பண்டார கைப்பிடியை மெல்லத் திருப்பினார். திரையில் கடல் நகர்ந்தது, புங்குடுதீவுப் பாலம் நகர்ந்தது, பிறகு கரை வந்தது. பனங்கூடல், தகரக் கூரைகள், ஒழுங்கை. பிறகு, ஒரு சதுரமாக, பனையோலை வேலி. கோபுரத்தின் உயரத்துக்கு அந்த வேலி ஒன்றுமே இல்லை.

வேலிக்குள் நாலு பேர் வெளிச்சமாக நின்றார்கள். ஒருத்தி வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றினாள். தலையிலிருந்து கீழாக அந்த உருவம் கறுத்துக்கொண்டே போனது. தண்ணீர் வடிந்து முடிய, உடம்பு உள்ளிருந்து சூடேறி மறுபடி மெல்ல வெளுத்தது. முகம் தெரியவில்லை. முகம் தெரிய வேண்டியதும் இல்லை. இடது தோளைச் சற்று உயர்த்தித் தலைமுடியைப் பிழிந்த விதத்தில் அது துஷாந்தி என்று கோசலாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளோடு எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவள். நேற்றுச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி இன்றைக்குக் குளிக்க வந்திருக்கிறாள்.

பண்டார பார்வையைத் தாழ்த்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி அவர் கையில் அசையாமல் நின்றது.

கோசலா கை நீட்டித் திரையை அணைத்தாள்.

"பழுதா?" என்றார் ஹேவகே.

"இல்லை ஐயா. நன்றாக வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை." அவள் எழுந்து நின்றாள். "இது நிலப்பக்கம் திரும்பக்கூடாது. அங்கே பெண்கள் குளிக்கிறார்கள்."

ஹேவகே ஒப்பந்தக் கோவையை எடுத்துப் புரட்டினார். பிறகு, ஒப்பந்தத்தில் முழு வட்டம் என்று எழுதியிருக்கிறது, அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் என் ஆட்கள் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள் என்று நான் உறுதி தரலாம் என்றார்.

"நீங்கள் தருவீர்கள்," என்றாள் கோசலா. "உங்களுக்குப் பிறகு வருபவர்?"

கோசலா முப்பத்தோராவது சோதனைக்கு நேரே எதையும் எழுதாமல் பட்டியலை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே நின்று கொழும்புக்குப் பேசினாள். திட்ட முகாமையாளர் ஜெயரூபன் புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரர். மூன்று தலைமுறையாகத் தென்னிலங்கையில் கடை வைத்திருந்த குடும்பம். சிக்கலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தவர்.

"கோசலா, சாமான் வேலை செய்யுதோ?"

"செய்யுது."

"அப்ப கையெழுத்தை வைச்சிட்டு வாரும். அது ஆரைப் பாக்குது எண்டது எங்கட பாடில்லை."

"என்ர பாடுதான் அண்ணை. நான் அந்தச் சனத்துக்குச் சொல்லு குடுத்திட்டன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "உம்மை ஆர் சொல்லுக் குடுக்கச் சொன்னது? சரி, ஒரு வழி சொல்லுறன். மத்தியான வெயிலில தகரக் கூரைச் சூடு சென்சரைப் பழுதாக்கும், நிலப்பக்கம் திருப்பினா உத்தரவாதம் இல்லை எண்டு எழுதும். அவை நம்புவினம். வேலையும் முடியும், கிணறும் தப்பும்."

சுலபமான வழிதான். அரைப் பக்கக் கடிதம் போதும். கோசலா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். தகரக் கூரைச் சூட்டை அந்தச் சென்சர் தாங்கும். தாங்க வைத்தவளே அவள்தான். அதற்கென்று ஒரு வருடம் போனது. இல்லாத நோயை இருக்கிறது என்று தன் கையாலேயே எழுதுவதா? அதோடு, அடுத்த வருடம் வேறொருவர் வந்து சோதித்துப் பார்த்து, ஒரு பழுதும் வராது என்று சொல்லிவிட்டால் கமரா அன்றைக்கே திரும்பும்.

"பொய் எழுத ஏலாது அண்ணை. உள்ளதைத்தான் எழுதுவன். அது திரும்பாமல் இருக்கிற வரைக்கும் கையெழுத்தும் வைக்கேலாது."

"உம்மை வேலையில இருந்து தூக்கினா நான் ஒண்டும் செய்யேலாது."

"தெரியும்."

அவள் நேரே மாதர் சங்கக் கட்டடத்துக்குப் போனாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாயில் இருந்து பனாட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். துஷாந்தி ஈரத் தலையோடு இருந்தாள். கோசலாவைக் கண்டதும் சிரித்து, பக்கத்தில் இடம் விட்டாள். கோசலா இருக்கவில்லை.

"நேற்று நான் சொன்னது பிழை," என்றாள். "அது நிலப்பக்கமும் திரும்பும். இண்டைக்குத் திரும்பினது. கிணத்தடி தெரிஞ்சது. நானும் பாத்தனான், இன்னும் இரண்டு பேர் அறையில நிண்டவை. உடனை நிப்பாட்டிப் போட்டன். எனக்கு முந்தித் தெரியாது. தெரிஞ்சிருக்க வேணும்."

கத்திகள் நின்றன. துஷாந்தியின் கை தன்பாட்டில் சீலைத் தலைப்பை இழுத்து மூடியது. திரையில் யார் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, கோசலாவும் பெயர் சொல்லவில்லை.

பரிமளம் எழுந்தாள். "உம்மட சொல்லிலதானே போனாங்கள்."

"ஓம் மாமி."

"ஆமியும் நேவியும் எங்களைப் பாத்த காலம் உமக்குத் தெரியாதோ? அத்தனை உயிர் போன அல்லைப்பிட்டியால பஸ் போகேக்க சனம் இப்பவும் கதையை நிப்பாட்டுது. ஒரு கிணத்தடிதான் எங்களுக்கெண்டு இருந்தது."

"தெரியும் மாமி. அதாலதான் வந்தனான். வராமல் கொழும்புக்குப் போயிருக்கலாம்."

பரிமளம் வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அது என்னத்தைக் காட்டுது எண்டு எங்களுக்குக் காட்டுவீரோ?" என்றாள். "தெரியாத சாமானுக்கு எப்பிடி மறுப்புச் சொல்லுறது?"

கோசலாவுக்கு அது தோன்றவே இல்லை. பொறியியல் படித்த தனக்குத் தோன்றாதது பனாட்டு வெட்டுகிற மனுசிக்குத் தோன்றியதே என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஹேவகே இரண்டு நாள் யோசித்தார். பொதுமக்களைக் கட்டுப்பாட்டு அறைக்குள் விட மேலிடத்தில் அனுமதி கேட்டு, அரை மணி நேரத்துக்கு வாங்கியும் தந்தார். பரிமளம், துஷாந்தி, கிராம சேவையாளராக இருந்த தர்சனா என்ற இளம் பெண், இந்த மூவரும் வருவதாக ஏற்பாடு. ஆனால் திரையில் காட்ட யாராவது கிணற்றடியில் நிற்க வேண்டுமே. யாரைக் கேட்பது என்று கோசலா வீட்டில் முழித்துக்கொண்டிருக்க, வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த சறோஜினிதேவி தலை நிமிராமலே சொன்னாள்:

"நான் போய் நிக்கிறன். சீலையோட நிண்டு இரண்டு வாளி ஊத்தினாப் போதுந்தானே."

"உங்களுக்கு ஒரு மாதிரி இராதோ அம்மா?"

"இருக்கும். வேற ஆரையும் நிக்கச் சொல்லி நீ கேக்கேலாது."

அன்று காலை அறையில் பெண்கள் மூவரும் கதிரைகளில் இருந்தார்கள். ஹேவகே கதவோரம் நின்றார். கோசலா கைப்பிடியைத் தானே பிடித்துத் திருப்பினாள். வேலிச் சதுரம் வந்தது. உள்ளே ஓர் ஒற்றை உருவம், கையை இடுப்பில் ஊன்றிக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு குனிந்து வாளியை எடுத்து ஊற்றியது. ஈரச் சீலை உடம்போடு ஒட்டியதும் அந்தச் சீலை திரையில் இல்லாததுபோல ஆயிற்று. அறுபத்திரண்டு வயதுப் பெண்ணின் கூனத் தொடங்கிய தோள்கள், தேய்ந்த முழங்கால், எல்லாம் வெள்ளையும் கறுப்புமாக நின்றன.

துஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தர்சனா பேனாவை மூடினாள். பரிமளம் மட்டும் கடைசிவரை பார்த்தாள்.

"போதும், நிறுத்துங்கள்," என்றார் ஹேவகே. கோசலா திருப்பும் முன்பே அவர் வாசலுக்கு வெளியே போயிருந்தார்.

திரும்பி வந்தபோது அவர் கோசலாவிடம், "என்ன செய்யலாம்?" என்று கேட்டார். பொறியியலாளரிடம் கேட்கும் கேள்வியாக அதைக் கேட்டார்.

கோசலா எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கிழக்கிலிருந்து தெற்காகச் சுற்றி மேற்கு வரைக்கும் மட்டும் பீடம் திரும்பும்படி நிரலில் எல்லை போடலாம். அதற்கு அப்பால் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் அசையாது. அவள் இதைத் தமிழிலும் சொன்னாள். பரிமளம் கேட்டுவிட்டு, "அந்த எல்லையைப் பிறகு அழிக்கலாமோ?" என்றாள்.

"கடவுச்சொல் தெரிஞ்சவை அழிக்கலாம்."

"அப்ப அது சரிவராது பிள்ளை. எழுத்தை அழிக்கலாம். இரும்பு போடும்."

கோசலா அதை ஆங்கிலத்தில் ஹேவகேக்குச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, "அவர் சொல்வது சரி," என்றார்.

கடிதத்தைக் கோசலா அன்றே எழுதினாள். இரண்டு பக்கம். கருவியில் எந்தக் குறையும் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதினாள். அது செய்யக்கூடியதெல்லாம் செய்ய வேண்டியது அல்ல. கடலைக் காப்பதற்கு வாங்கியதைக் கடல்பக்கம் நிறுத்திவைப்பதால் கடலில் ஓர் அடிகூடக் குறையாது. அன்று திரையில் பதிவான படம் ஒன்றை இணைத்தால் நல்லது என்று ஹேவகே சொன்னபோது அவள் தயங்கினாள். சறோஜினிதேவியிடம் கேட்டாள்.

"போடு," என்றாள் தாய். "நான் களவெடுக்கேல்லையே. பாத்து வெக்கப்பட வேண்டியவை வெக்கப்படட்டும்."

ஹேவகே தன் சிபாரிசையும் சேர்த்து அனுப்பினார். அடுத்த நாளே ஆய்வுகூடத்தார் கோசலாவைக் கொழும்புக்குத் திருப்பி அழைத்தார்கள். திட்டத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு, பழைய கருவிகள் திருத்தும் பகுதியில் இருத்தினார்கள். அவளுடைய மேசைக்கு இன்னொருவர் வந்தார். முன்பு மதியச் சாப்பாட்டுக்குக் கூட இருந்தவர்கள் இப்போது வேறு மேசை பார்த்து இருந்தார்கள். வேலணையில் திரை அணைந்தபடியே கிடந்தது. நிறுவிய பொறியியலாளர் என்று ஒப்பந்தத்தில் பெயர் உள்ள அவளுடைய கையெழுத்து இல்லாமல் ஒப்படைக்க முடியாது. அந்த நிபந்தனையை எழுதி வாங்கிய பெரிய அதிகாரிகளாலும் அதை மீற முடியாது.

மூன்றரை வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயரூபன் திருத்தும் பகுதிக்கு வந்து, அவளுடைய மேசையில் ஒரு தாளை வைத்தார். மேலிடத்து ஒப்புதல். நிலப்பக்கம் முழுவதும் தடை, இயந்திரத் தடையாகவே.

"நீர் எழுதினதை அங்கை ஒரு பெரியவர் இரண்டுதரம் வாசிச்சவராம்," என்றார். பிறகு, நின்று, "நான் சொன்ன மாதிரி எழுதியிருந்தா அவையின்ர ஆய்வாளர் அண்டைக்கே பிடிச்சிருப்பார். எங்கட பேரும் போயிருக்கும்," என்றார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கோசலா அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

வேலணைக்குத் திரும்பிய கோசலா தடைக்கட்டைகள் இரண்டையும் ஊர்காவற்றுறையில் வள்ள இயந்திரம் திருத்தும் குருசுமுத்துவிடம் வெட்டுவித்தாள். உள்ளங்கை அளவு, மூன்று விரல் தடிப்பு, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத உருக்கு. எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னதும் அரத்தை மறுபடி எடுத்து, ஒருவரும் காணப்போகாத அந்த விளிம்புகளைக் கண்ணாடிபோல அராவித் தந்தார்.

கோபுரத்தில் ஏறிக் கட்டைகளைப் பீடத்துக்குள் இருத்தி ஆணி முறுக்கிய பிறகு, ஆணிகளின் தலையைப் பற்றவைப்புக்காரர் ஒட்டிவிட்டார். நிரலிலும் எல்லை போட்டாள். முதலில் எழுத்து நிறுத்தும். எழுத்தை யாராவது அழித்தால் இரும்பு நிறுத்தும்.

கீழே பரிமளமும் பெண்களும் அறை நிறைய நின்றார்கள். இந்தமுறை ஹேவகே யாரையும் எண்ணவில்லை. பண்டார கைப்பிடியைத் திருப்பினார். கடல் நகர்ந்தது, பாலம் வந்தது, அதோடு படம் நின்றது. கோசலா நிரலின் எல்லையை அழித்துவிட்டு மறுபடி திருப்பச் சொன்னாள். மேலே, நூற்று முப்பது அடி உயரத்தில், இரும்பு இரும்பில் மோதிய சத்தம் அறைக்குள் கேட்டது. படம் அசையவில்லை.

"இன்னொருக்கால்," என்றாள் பரிமளம்.

பண்டாரவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிக்கொண்டு இன்னொருமுறை திருப்பினார். மறுபடியும் அந்தச் சத்தம்.

"கையெழுத்தை வையும் பிள்ளை," என்றாள் பரிமளம்.

கோசலா முப்பத்தோராவது சோதனையை வெட்டி, 'கடல்பக்கம் மட்டும்' என்று எழுதி, கையெழுத்திட்டாள். ஹேவகே கீழே தன்னுடையதை இட்டார். அப்போதே கடல் திரையில் புகாருக்குள் ஏழு வள்ளங்கள் தெரிந்தன. துஷாந்தி கிட்டப் போய், ஒன்றில் நின்றவனைச் சுட்டி, "உது எங்கட இவரெல்லே. தொப்பி போடாமல் நிக்கிறார்," என்று கோபித்தாள். அறை சிரித்தது, கோசலாவும் சிரித்தாள். தன் கருவி இவ்வளவு நல்லது என்பதை அன்றைக்குத்தான் மனம் உறுத்தாமல் ரசித்தாள்.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் கிணற்றடிக்குப் போனார்கள். யாருடைய சொல்லிலும் போகவில்லை. பார்த்து, கேட்டு, தெரிந்துகொண்டு போனார்கள்.

ஆவணி மாதத்தில் நெடுந்தீவுக் கோபுரத்துக்கு விலை கோரும் கேள்விப்பத்திரம் வந்தது. ஜெயரூபன் தொலைபேசியில் அழைத்து ஏழாவது பந்தியை வாசிக்கச் சொன்னார். மக்கள் குடியிருக்கும் திசைக்குத் திரும்பாதபடி இயந்திரத் தடை இருத்தல் வேண்டும் என்று அதில் அச்சாகியிருந்தது. "உந்த வரியை ஆர் எழுதினது எண்டு கூட்டத்தில கேட்டினம்," என்றார். "எங்கட பிள்ளை எண்டு சொன்னனான். நெடுந்தீவு வேலைக்கு நீர்தான் பொறுப்பு."

கோசலா உடனே தாயை அழைத்துச் சொன்னாள். சறோஜினிதேவி முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, பக்கத்தில் யாரிடமோ, "மகள்தான். நெடுந்தீவுக்கும் அவளைத்தான் கேக்கினமாம்," என்று உரக்கச் சொல்வது கேட்டது. பிறகு வாயைக் கிட்டக் கொண்டுவந்து, "அங்கை கிணறுகள் எந்தப் பக்கம் எண்டு முதல் பொம்பிளையளைக் கேட்டிட்டு ஏறு," என்றாள்.

"ஓம் அம்மா," என்றாள் கோசலா. "அதுக்குத்தான் இரண்டு நாள் முந்திப் போறன்."